சோப்பி ஸ்மித்தும் ஸ்காக்வே ஊரும்: தங்க வேட்டைக் காலத்துச் சூதாட்ட மோசடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோப்பி ஸ்மித் என்பது யார்?

முழுப்பெயர் ஜெஃபர்சன் ராண்டால்ஃப் ஸ்மித். 1860 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஓரளவு வசதியான குடும்பத்தில் பிறந்தவன். உள்நாட்டுப் போருக்குப் பிறகு குடும்பம் நொடித்துப்போய் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தது. இளம் வயதிலேயே தெரு மோசடியில் இறங்கிய ஸ்மித், கொலராடோ மாநிலத்தின் டென்வரில் ஒரு கும்பலையே கட்டி எழுப்பினான். கடைசியில் அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்தில் 1898 ஜூலை 8 அன்று சுட்டுக் கொல்லப்பட்டான். அப்போது வயது 37.

அவனைத் துப்பாக்கி வீரனாகக் காட்டும் கதைகள் ஏராளம். ஆனால் அவன் பிழைப்பு துப்பாக்கியில் இல்லை. நம்ப வைப்பதில்தான் இருந்தது. அதனால் இங்கே துப்பாக்கியைவிட மோசடியைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

சோப்பு விற்று எப்படி ஏமாற்ற முடியும்?

தெருமுனையில் ஒரு முக்காலி, அதன்மேல் திறந்த பெட்டி, பெட்டி நிறைய சோப்புக் கட்டிகள். கூட்டம் சேரும்வரை ஸ்மித் பேசிக்கொண்டே இருப்பான். பிறகு எல்லோர் கண்முன்னாலும் சில கட்டிகளைச் சுற்றி டாலர் நோட்டுகளை வைப்பான். ஒரு டாலர் நோட்டில் தொடங்கி நூறு டாலர் நோட்டு வரை போகும். நோட்டின்மேல் சாதாரணக் காகிதத்தைச் சுற்றி, மற்ற கட்டிகளோடு கலந்துவிடுவான். சில காசுக்குக் கிடைக்கும் சோப்பு, கட்டி ஒரு டாலர்.

முதலில் வாங்குகிறவன் காகிதத்தைப் பிரித்து, நோட்டை உயர்த்திக் காட்டிக் கத்துவான். அவன் கும்பலைச் சேர்ந்த ஆள். அதற்குப் பிறகு கூட்டம் முண்டியடிக்கும். நோட்டு வைத்த கட்டிகளைக் கைவேகத்தில் மறைத்துவிடுவார்கள்; கிடைத்தாலும் அது சொந்த ஆளுக்கே கிடைக்கும். விற்பனை பாதியைத் தாண்டியதும், நூறு டாலர் நோட்டு இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று அறிவித்து, மிச்சக் கட்டிகளை ஏலம் விடுவான். ஒரு டாலருக்குத் தயங்கியவர்கள்கூட ஏலத்தில் அதைவிட அதிகம் கொடுத்தார்கள்.

டென்வரில் பிடிபட்டபோது, கைது செய்த போலீஸ்காரருக்கு அவனுடைய முதல் பெயர் நினைவுக்கு வராமல் பதிவேட்டில் ‘சோப்பி’ என்று எழுதிவிட்டார் என்று சொல்வார்கள். பட்டப்பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

டென்வரில் போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது?

மாமூல் வாங்கிக்கொண்டிருந்தது. 1888இல் அவன் திறந்த டிவோலி கிளப் நகரின் நடுவிலேயே நடந்தது. வாங்குகிறவன்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தை அங்கே எழுதியே வைத்திருந்தான். உள்ளூர்க்காரர்களைத் தொடாதே, வெளியூர்க்காரனை மட்டும் பார் என்பது கும்பலுக்கும் அதிகாரிகளுக்கும் இடையே இருந்த ஒப்பந்தம். விசாரணைக்கு அழைத்தபோது, தன் சூதாட்ட விடுதி ஒரு கல்விச்சாலை, இங்கே ஒருமுறை தோற்றவன் அப்புறம் சூதாட்டத்தின் பக்கமே போக மாட்டான் என்று வாதாடியிருக்கிறான். அந்த அளவுக்குத் துணிச்சல் இருந்தது.

1892இல் கிரீட் என்ற வெள்ளிச் சுரங்க ஊருக்குப் போய், கல்லாகிப்போன மனித உடல் என்று ஒன்றை 10 சென்ட் கட்டணத்துக்குக் காட்டினான். கட்டணம் வெறும் சாக்குதான். வரிசையில் நின்றவர்களைச் சூதாட்டத்துக்கு இழுப்பதுதான் உண்மையான வியாபாரம்.

கும்பல் ஏன் ஸ்காக்வேயைத் தேர்ந்தெடுத்தது?

1896 ஆகஸ்டில் கனடாவின் குளோண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது. 1897 ஜூலையில் தங்கம் ஏற்றிய கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சியாட்டிலுக்கும் வந்து சேர்ந்ததும், சுமார் ஒரு லட்சம் பேர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். அங்கே போவதற்கான முக்கிய வழிகளில் ஒன்று ஸ்காக்வேயில் இறங்கி, வொயிட் பாஸ் கணவாயைக் கடப்பது. சில மாதங்களுக்குள் சதுப்பு நிலத்தில் ஒரு நகரமே முளைத்தது.

நகரம் இருந்தது, நகராட்சி இல்லை. அலாஸ்காவில் ஊர்கள் சட்டப்படி நகராட்சி அமைத்துக்கொள்ள 1900 வரை வழியில்லை. மேயர், நகரக் காவல்துறை, உள்ளூர் நீதிமன்றம் எதுவும் கிடையாது. பெயருக்கு மத்திய அரசின் காவல் அதிகாரியான ஒரு துணை மார்ஷல் இருந்தார், அவரும் ஸ்மித்தின் சட்டைப்பையில். கணவாயின் உச்சியில், கனடா எல்லையில், குதிரைப்படைப் போலீஸ் உட்கார்ந்து ஓராண்டுக்கான உணவுப்பொருள் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது. அந்தப் பக்கம் அவ்வளவு கறார், இந்தப் பக்கம் கேட்பாரில்லை. அந்தக் கனடியப் படையின் அதிகாரி சாம் ஸ்டீல், ஸ்காக்வே நரகத்தைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று பிற்பாடு எழுதினார்.

இன்னொன்றும் உண்டு. போகிறவன் கையில் பயணச் செலவுக்குச் சேர்த்த பணம் இருக்கும். திரும்புகிறவன் கையில் தங்கம் இருக்கும். இருவரும் இதே தெருவைக் கடந்தாக வேண்டும்.

மூன்று சீட்டு ஆட்டத்தில் சூட்சுமம் எங்கே இருக்கிறது?

நம் ஊர்த் திருவிழாக்களிலும் ரயில் நிலைய வாசல்களிலும் பார்த்த அதே ஆட்டம்தான். மூன்று சீட்டுகள், அதில் ஒன்று ராணி. குப்புறப் போட்டு இடம் மாற்றுவான், ராணி எது என்று சொல்ல வேண்டும்.

முதல் சூட்சுமம் கையில். ஒரே கையில் மேலும் கீழுமாக இரண்டு சீட்டுகளைப் பிடித்திருப்பான். கீழே இருக்கும் சீட்டைப் போடுவது போலத் தோன்றும், விழுவது மேலே இருக்கும் சீட்டு. கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாலும் இது பிடிபடாது.

அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது இரண்டாவது. சீட்டுப் போடுகிறவன் வேறு பக்கம் திரும்பும்போது, பக்கத்தில் நிற்கும் ஒருவன் ராணிச் சீட்டின் மூலையை லேசாக மடித்துவிட்டு உங்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவான். சீட்டுக்காரன் கவனிக்காதது போலவே ஆட்டத்தைத் தொடர்வான். இப்போது உங்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். இனி நடப்பது சூதாட்டமே இல்லை, நிச்சயமான லாபம் என்று தோன்றும். இருக்கிற பணத்தையெல்லாம் எடுத்து வைப்பீர்கள். இதற்குள் சீட்டுக்காரன் அந்த மடிப்பை நீவிச் சரிசெய்து, வேறொரு சீட்டின் மூலையை மடித்திருப்பான்.

தோற்றவரால் புகார் கொடுக்கவும் முடியாது. ‘நான் அவனை ஏமாற்றப் பார்த்தேன், அவன் என்னை ஏமாற்றிவிட்டான்’ என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது? அந்த வெட்கத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடந்தது.

ஆட்டம் நடக்கும் இடத்துக்கு ஏமாளியை எப்படிக் கூட்டிவந்தார்கள்?

இதைப் படிக்கும்போதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். சீட்டாட்டம் கடைசிக் காட்சி மட்டும். அதற்கு முன்னால் ஒரு முழு நாடகம் நடக்கும்.

கப்பலிலிருந்து இறங்குகிறவரின் மூட்டையைத் தூக்க ஓர் இளைஞன் ஓடிவருவான். பேச்சுக்கொடுத்து, எந்த ஊர், கையில் எவ்வளவு, கூட யார் என்று தெரிந்துகொள்வான். அடுத்து, நரைத்த தலையோடு ஒரு கிழவர் வழியில் சந்திப்பார். தங்கம் தோண்டிவிட்டு இப்போதுதான் திரும்பினேன் என்பார், பாதையைப் பற்றி நல்ல யோசனை சொல்வார். அவன் பெயர் டிரிப். பாதிரியார் என்றே பட்டப்பெயர் பெற்ற பவர்ஸ் என்பவன், பக்திமான் போன்ற முகத்தோடு வந்து கை குலுக்குவான். அன்றைய அமெரிக்காவில் ரகசியச் சகோதரத்துவச் சங்கங்கள் நிறைய. உறுப்பினர்கள் கைகுலுக்கும் விதத்தை வைத்தே ஒருவரை ஒருவர் அடையாளம் காண்பார்கள். அந்தக் குலுக்கல்களையெல்லாம் பவர்ஸ் கற்றுவைத்திருந்தான். முன்பின் தெரியாத ஊரில் தன் சங்கத்துச் சகோதரனைக் கண்டவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

போலித் தந்தி அலுவலகம் பற்றிய கதை மிகவும் பிரபலம். ஐந்து டாலர் கொடுத்தால் உலகின் எந்த மூலைக்கும் செய்தி போகும் என்று பலகை. வந்து சேர்ந்துவிட்டேன் என்று வீட்டுக்குச் செய்தி அனுப்புவார்கள். சில மணி நேரத்தில் பதிலும் வரும், அதற்கும் கட்டணம் உண்டு. ஸ்காக்வேக்குத் தந்தி இணைப்பே 1901இல்தான் வந்தது. கம்பி சுவருக்குப் பின்னால் கொஞ்ச தூரத்திலேயே முடிந்துவிட்டதாகச் சொல்வார்கள். பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பொழுதுபோக்காக ஓர் ஆட்டம் என்று அடுத்த அறைக்கு அழைப்பு வரும்.

ஆக, ஏமாந்தவர் ஒரு சீட்டுக்காரனிடம் ஏமாறவில்லை. துறைமுகத்திலிருந்து மேசை வரைக்கும் அவர் சந்தித்த ஒவ்வொரு முகமும் வேஷம். பேராசைப்பட்டுப் பணத்தை விட்டார் என்று அவரைக் குறை சொல்வது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

இப்படிப்பட்டவனை ஊரில் ஒரு பகுதியினர் மகான் போலக் கொண்டாடியது எப்படி?

தான தர்மத்தால்தான். 1898 ஜனவரி 31 அன்று ஒரு மதுக்கடைத் தகராறில் துணை மார்ஷல் ரோவன் உட்பட இருவரை ஒரு மதுக்கடை ஊழியன் சுட்டுக் கொன்றான். ரோவனின் மனைவிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அந்தக் கைம்பெண்ணுக்கு நிதி திரட்டியதில் முன்னால் நின்றவன் ஸ்மித். கொலையாளியைக் கூட்டம் தூக்கில் போட்டுவிடாமல் காத்தவனும் அவனே. தேவாலயத்துக்கு நன்கொடை, திக்கற்றவர்களுக்கு உதவி, தெருநாய்களை எடுத்து வளர்க்கச் சொல்லிப் பிரசாரம் என்று பெயர் சம்பாதித்தான். ஸ்பெயினுடன் போர் மூண்டதும் தன்னார்வலர் படை ஒன்றைத் திரட்டித் தன்னையே தலைவனாக அறிவித்துக்கொண்டான். 1898 ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் குதிரைமேல் வலம் வந்தான்.

சீடர்கள் சூழ இருக்கும் குருமார்களின் வழிமுறை இதில் அப்படியே இருக்கிறது. பசித்தவனுக்குச் சோறு போடும் கை, இன்னொருவன் மடியை அவிழ்க்கிறது என்று யாராவது சொன்னால், சோறு சாப்பிட்டவன்தான் முதலில் சண்டைக்கு வருவான். ஸ்மித் அதைத் தெரிந்தே செய்தான் என்றுதான் நான் நினைக்கிறேன். அவனுக்கு ஈர மனது இருந்தது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். இருந்திருக்கலாம், ஆனால் பணம் யாருடையது?

ஊர் மக்கள் அவனை எதிர்க்கவே இல்லையா?

எதிர்த்தார்கள், தாமதமாக. 1898 மார்ச்சில் 101 பேர் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்று, மோசடிக்காரர்கள் உடனே ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியது. ஸ்மித் பதிலுக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டினான். தன் பக்கம் 317 பேர் கொண்ட ‘சட்டம் ஒழுங்குக் குழு’ இருப்பதாகவும், வம்பு செய்யும் 101 பேருக்கும் தக்க பதில் கிடைக்கும் என்றும் அதில் இருந்தது. குழு அடங்கிப்போனது.

பயம் ஒரு காரணம்தான். கும்பல் அடிக்கும் பணம் ஊருக்குள்ளேயே செலவானது. விடுதிக்காரர், மதுக்கடைக்காரர், துணிக்கடைக்காரர் எல்லோருக்கும் அதில் பங்கு போய்ச் சேர்ந்தது. ஏமாந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், இரண்டொரு நாளில் போய்விடுவார்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலும் ஸ்மித்துக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். இந்த மோசடியில் ஊரின் மௌனமும் ஓர் உடந்தை.

அப்படியானால் ஜூலையில் மட்டும் என்ன மாறியது?

ஜான் டக்ளஸ் ஸ்டூவர்ட் என்ற சுரங்கக்காரர் வந்து சேர்ந்தார். குளோண்டைக்கிலிருந்து திரும்பிய அவரிடம் சுமார் 2,700 டாலர் மதிப்புள்ள தங்கம் ஒரு பையில் இருந்தது. பவர்ஸும் டிரிப்பும் இன்னொருவனும் சேர்ந்து அவரை மூன்று சீட்டுக்கு இழுத்தார்கள். தோற்றதாகச் சொன்ன தொகையைக் கொடுக்க அவர் மறுத்ததும், பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள்.

அவர் வாயை மூடிக்கொண்டு கப்பலேறிவிடவில்லை. கடைகடையாக ஏறி இறங்கிச் சொன்னார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் இவர்தான். அன்றைக்கு வேறொரு பயமும் ஊரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கோடையில்தான் தங்கத்தோடு ஆட்கள் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். ஸ்காக்வே வழியாகப் போனால் கொள்ளை போகும் என்ற பேச்சு பரவினால், யூகான் ஆற்றில் இறங்கி வேறு வழியாக ஊருக்குப் போய்விடுவார்கள். மே மாதம்தான் ரயில் பாதை வேலையும் ஆரம்பித்திருந்தது. வியாபாரிகளின் மௌனம் கலைந்தது இந்தக் கணக்கினால். நியாய உணர்வு எங்கே முடிந்து வியாபாரக் கணக்கு எங்கே தொடங்கியது என்று பிரிக்க முடியாது.

தங்கத்தைத் திருப்பிக் கொடு என்று கெடு வைத்தார்கள். நியாயமான ஆட்டத்தில் தோற்றதுதானே என்று ஸ்மித் மறுத்துவிட்டான்.

ஜூலை 8 இரவு என்ன நடந்தது?

கண்காணிப்புக் குழு துறைமுகப் பாலத்தில் கூட்டம் போட்டது. கும்பலின் ஆட்கள் உள்ளே நுழையாமல் தடுக்க, பாலத்தின் வழியில் நால்வரை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் ஃபிராங்க் ரீட், ஊரின் மனைகளை அளந்து பிரித்ததில் பங்கு வகித்தவர். இன்னொருவர் ஜெஸ்ஸி மர்ஃபி, ரயில்வே ஊழியர்.

இரவு 9 மணிக்கு மேல். அலாஸ்காவின் ஜூலையில் அப்போதும் வெளிச்சம் இருக்கும். வின்செஸ்டர் துப்பாக்கியோடு ஸ்மித் வந்தான், கொஞ்சம் குடித்திருந்தான், பின்னால் சில ஆட்கள். ரீட் வழிமறித்தார். வாய்த்தகராறு, துப்பாக்கியைப் பிடித்து இழுபறி, பிறகு அடுத்தடுத்து வெடிச் சத்தம். ஸ்மித் அங்கேயே இறந்தான். படுகாயமடைந்த ரீட் பன்னிரண்டு நாள் கழித்து இறந்தார்.

ஸ்மித்தைக் கொன்றது ரீடா, மர்ஃபியா?

அன்றே எழுந்த விவாதம் இது, இன்னும் ஓயவில்லை. ஊர் ரீடைத்தான் வீரராக ஏற்றுக்கொண்டது. ஸ்காக்வேயின் மானத்துக்காக உயிரைக் கொடுத்தவர் என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். கடைசிக் குண்டு மர்ஃபியுடையது என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள்.

கும்பலும் தங்கமும் என்ன ஆயின?

கும்பலை ஊரே தேடிப் பிடித்தது. கூட்டம் அவர்களைத் தூக்கில் போட்டுவிடாமல் இருக்கப் பக்கத்து ஊரான டையாவிலிருந்து ராணுவம் வர வேண்டியிருந்தது. முக்கியமானவர்கள் சிட்கா நகருக்கு அனுப்பப்பட்டுத் தண்டனை பெற்றார்கள். ஸ்டூவர்ட்டின் தங்கத்தில் பெரும்பகுதி ஸ்மித்தின் பெட்டியிலேயே கிடைத்தது.

ஸ்காக்வேயில் இன்று என்ன பார்க்கலாம்?

ஸ்மித் நடத்திய மதுக்கூடத்தைத் தேசியப் பூங்காத் துறை புதுப்பித்துப் பராமரிக்கிறது. ஊருக்கு வெளியே இருக்கும் தங்க வேட்டைக் காலத்துக் கல்லறைத் தோட்டத்தில் ரீடின் பெரிய நினைவுக்கல்லைப் பார்க்கலாம்.

மோசடிக் கும்பலுக்கே மக்கள் வலை விரித்த கதை எதுவும் உண்டா?

உண்டு, அதுவும் ஸ்மித் தொழில் பழகிய அதே டென்வரில். அவன் போன பிறகு அந்த நகரத்தைப் பிடித்துக்கொண்டவன் லூ பிளாங்கர். அவன் காலத்தில் தெருமுனை முக்காலி போய், போலிப் பங்குச்சந்தை அலுவலகமே வந்துவிட்டது. விலைப்பலகை, குமாஸ்தாக்கள், அவசரமாக ஓடும் தரகர்கள் என்று அறை முழுக்க நடிகர்கள்.

டெக்சாஸின் பண்ணையாளர் ஃபிராங்க் நார்ஃப்லீட் 1919இல் இதே வகை மோசடியில் வேறொரு கும்பலிடம் 45,000 டாலரை இழந்தார். ஹோட்டல் முன்கூடத்தில் நாற்காலி இடுக்கில் ஒரு பர்ஸ் கிடக்க, அதை உரியவரிடம் நேர்மையாகத் திருப்பிக் கொடுத்ததில் தொடங்கியது எல்லாம். நன்றிக்கடனாகப் பங்குச்சந்தை ரகசியம் சொல்லித் தருகிறேன் என்றான் அந்த ஆள். காகிதத்தில் லாபம் குவிந்தது. லாபத்தைக் கையில் வாங்க வேண்டுமானால் அதற்கு ஈடாகத் தன்னிடமும் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும் என்றார்கள். முதலில் 20,000, அப்புறம் 25,000. நேர்மையாக நடந்துகொண்ட மனிதரை அந்த நேர்மையை வைத்தே பிடித்தார்கள் என்பதுதான் மனதை அறுக்கிறது.

நார்ஃப்லீட் வீட்டில் உட்கார்ந்து அழவில்லை. வேஷம் மாற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் போய், தன்னை ஏமாற்றியவர்களைத் தானே தேடிப் பிடித்தார்.

டென்வரில் 1920 தேர்தலில் அரசு வழக்கறிஞரான ஃபிலிப் வான் சைஸுக்குத் தேர்தல் செலவுக்குப் பணம் தர பிளாங்கர் முன்வந்தான். அவர் மறுத்துவிட்டார். போலீஸையே நம்ப முடியாத நிலை என்பதால், நகரின் வசதியான சிலரிடம் ரகசியமாக நன்கொடை வாங்கித் தனி விசாரணை நடத்தினார். பிளாங்கரின் அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கும் கருவியை ஒளித்துவைத்தார்கள். எதிர்க் கட்டடத்திலிருந்து கண்காணித்தார்கள். குப்பைக்கூடைக் காகிதங்களைக்கூடப் பொறுக்கிப் படித்தார்கள். 1922 ஆகஸ்டில் நார்ஃப்லீட், ஒன்றும் தெரியாத கிராமத்துக்காரர் போல டென்வருக்கு வந்து இறங்கினார். ஆள் பிடிக்கிறவர்கள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டார்கள். தனக்கு ஏற்கெனவே மனப்பாடமான நாடகத்தில் அவர் மறுபடியும் ஏமாளியாக நடித்தார்.

ஆகஸ்ட் 24 அன்று வலையை இழுத்தார்கள். நகரப் போலீஸை விட்டுவிட்டு, மாநில அரசின் காவல் படையான ரேஞ்சர்களை வைத்து, ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் கைது செய்தார்கள். சிறைக்குக் கொண்டுபோனால் சேதி கசிந்துவிடும் என்பதால் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் அடைத்துவைத்தார்கள். அன்று மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் சிக்கினார்கள். 1923இல் பிளாங்கர் உட்பட 20 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு அவன் சிறையிலேயே இறந்தான்.